ஒற்றை வேகன் காலம்

"கண்டம்" என்ற சொல்லை நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பஸ் கண்டமாகிவிட்டது, ஜீப்பைக் கண்டம் பண்ணிவிட்டார்கள், பள்ளிக்கூடக் கட்டிடம் கண்டமாகி நாலு வருஷம் ஆகிறது என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். இங்கிலீஷ் சொல்லின் வாலை நறுக்கித் தமிழாக்கிக்கொண்டது இது. குமாஸ்தாவாகவே வாழ்நாளைக் கழித்த எனக்கு அது தினசரிப் புழக்கத்தில் இருந்த சொல். ஆபீஸில் ஒரு மர நாற்காலியைக் கண்டம் செய்ய வேண்டுமென்றால் சும்மா இல்லை. பதிவேட்டில் அது எந்த வருஷம் வாங்கியது, என்ன விலை என்று தேடி எடுக்க வேண்டும். அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும். ஏலம் விட்டு, வந்த பதினெட்டு ரூபாயைச் சரியான கணக்குத் தலைப்பில் கட்ட வேண்டும். கோப்பு முடிகிற வரைக்கும் யாராவது ஒருவர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

நான் பள்ளிக்கூடம் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். இங்கே தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது அலுத்துப்போன செய்தி. ஆனாலும் சொல்லக் காரணம் இருக்கிறது. பிரெஞ்சில் இந்தக் கண்டத்துக்கு 'ரெஃபொர்மே' என்று சொல்வார்கள். உடம்பு ஒத்துவராமல் பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்ட சிப்பாய் ரெஃபொர்மே. வண்டி இழுக்க முடியாத குதிரை ரெஃபொர்மே. ஓட லாயக்கில்லை என்று ஒதுக்கிய ரயில் வேகனும் ரெஃபொர்மே. இதே சொல்லுக்குச் சீர்திருத்தம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பதுதான் வேடிக்கை. சீர்திருத்தம் என்று ஆரம்பிக்கிற இடத்தில் யாரோ சிலர் கண்டமாகிறார்கள் என்பதை அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரன் நன்றாகப் புரிந்துவைத்திருந்தான் போலிருக்கிறது.

இந்தக் கட்டுரை கூட்ஸ் வண்டிகளைப் பற்றியது. எஞ்சினைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேகனைப் பற்றி எழுதுகிறவர் குறைவு.

மேலகரத்தில் குடியேறிய பிறகு காலை நடைக்குச் சில நாள் தென்காசி ரயில்வே கேட் வரைக்கும் போவேன். கேட் சாத்தியிருந்தால் மற்றவர்களுக்கு எரிச்சல், எனக்குச் சந்தோஷம். பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு உண்டு. ஒருநாள் பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர், "என்னத்த அண்ணாச்சி தினமும் எழுதுதீய?" என்று கேட்டார். "வயசு எழுதுதேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கேட்டுக்கு அடியில் குனிந்து போய்விட்டார்.

உண்மையில் வயசுதான். இப்போதுள்ள வேகன் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பதினோரு இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் அது எந்த ரகம் என்பது. அடுத்த இரண்டு எந்த ரயில்வேயின் கணக்கில் இருக்கிறது என்பது. ஐந்தாவதும் ஆறாவதும் அது பிறந்த வருஷம். பிறகு நான்கு இலக்கம் அதன் சொந்த எண். கடைசி இலக்கம், எழுதும்போது தவறு வராமலிருக்கச் சரிபார்க்கும் எண். ஆக 89 என்று இருந்தால் 1989ல் செய்தது. 14 என்றால் 2014. மேலே பெரிய எழுத்தில் பி.சி.என். என்றோ பாக்ஸ்.என். என்றோ இருக்கும். பி என்றால் எட்டுச் சக்கர போகி வண்டி, சி என்றால் மூடியது, என் என்றால் காற்றுப் பிரேக் உள்ளது. மூட்டை ஏற்றுவது பி.சி.என்.; நிலக்கரியும் தாதுவும் ஏற்றுகிற திறந்த வண்டி பாக்ஸ்.என். பேரப்பிள்ளைகளோடு கேட்டில் நிற்க நேர்ந்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள். செல்போனை மறந்து ஐம்பது வேகன் வரைக்கும் எண்ணிக்கொண்டு நிற்பார்கள்.

இன்னொரு தேதியும் எழுதியிருக்கும். கடைசியாக எந்தப் பணிமனையில் முழுப் பழுது பார்த்தார்கள், அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்பது. நம் தெற்குப் பக்கத்து வேகன்கள் பலவற்றுக்கு அந்தப் பணிமனை திருச்சி பொன்மலை. பாக்ஸ்.என். வேகனுக்குப் புதிதாக வந்து ஆறு வருஷத்தில் முதல் முறை, பிறகு நாலரை வருஷத்துக்கு ஒரு முறை. நடுவில் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு சின்னப் பழுது. நவம்பரில் நாங்கள் வாழ்நாள் சான்று கொடுக்க வரிசையில் நிற்பதுபோலத்தான்.

வேகன் எப்படிக் கிழமாகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கு முதலில் போவது தரைத்தகடு. உப்பு, உரம், நனைந்த நிலக்கரி இவை மூன்றும் இரும்புக்கு எமன். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே மூலையில் காலை வைத்தால் பொடிப்பொடியாக உதிரும். அடுத்தது கதவு. கீல் வளைந்து, சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. கடப்பாரை போட்டுப் போட்டு விளிம்பு நெளிந்திருக்கும். பழைய மூடு வண்டிகளில் கூரையில் ரிவெட் அடித்த இடங்கள் தளர்ந்து மழை இறங்கும். சர்க்கரையும் அரிசியும் ஏற்றுவதற்கு முன்னால் ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் எங்கே வெளிச்சம் தெரிகிறதென்று பார்ப்பார். வெளிச்சம் வருகிற இடத்தில் தண்ணீரும் வரும். இதைவிட எளிய பரிசோதனை இன்றைக்கும் கிடையாது.

சக்கரத்தின் கதை தனி. புதிதில் ஆயிரம் மில்லிமீட்டர் குறுக்களவு. ஓட ஓடத் தேயும், பிரேக் பிடித்துப் பிடித்து ஓரிடத்தில் தட்டையாகும். பணிமனையில் லேத்தில் ஏற்றி மறுபடி வட்டமாகச் சீவுவார்கள். சீவச் சீவச் சிறுக்கும். 906 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அந்தச் சக்கரத்தின் கதை முடிந்தது. அந்தத் தொண்ணூற்று நாலு மில்லிமீட்டர்தான் அதன் ஆயுள். டி.எக்ஸ்.ஆர். என்று ஒருவர், வண்டி நின்றதும் நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவாரே, நினைவிருக்கிறதா? நல்ல சக்கரம் மணிபோலக் கணீரென்னும். விரிசல் விட்டது ஓட்டைப் பானைபோல மந்தமாகச் சொல்லும். அவரே அச்சுப்பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். அப்போது அச்சுப்பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய நூல்கழிவை அடைத்துவைத்திருப்பார்கள். எண்ணெய் வற்றினால் சூடேறிப் புகையும். உருளை பேரிங் வந்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

சரியில்லாத வேகனை 'சிக்' என்று எழுதி ஒதுக்குவார்கள். அது போய் நிற்கிற தண்டவாளத்துக்கு 'சிக் லைன்' என்றே பெயர். மெடிக்கல் லீவு போட்ட மாதிரி அங்கே நாலு நாள் நின்றுவிட்டு வேலைக்குத் திரும்பும். திரும்பத் திரும்ப சிக் லைனுக்கு வருகிற வேகனைப் பற்றி மேலதிகாரிக்கு அறிக்கை போகும். அதற்கப்புறம்தான் கண்டம். சக்கரம், பேரிங், இணைப்புக் கொக்கி, பிரேக் சாமான் எல்லாவற்றையும் கழற்றி ஸ்டோருக்கு எடுத்துக்கொள்வார்கள். உடம்பை கேஸ் வைத்து அறுத்து டன் கணக்கில் ஏலம் விடுவார்கள். அது உலையில் உருகிக் கம்பியாகி யாரோ ஒருவர் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் போய்விடும்.

இதெல்லாம் உடம்பு தளர்ந்து போகிற வேகன். தளராவிட்டாலும் வயசு என்று ஒன்று இருக்கிறது. நம் ரயில்வேயில் சரக்கு வேகன்களுக்கு ரகத்தைப் பொறுத்து முப்பது, முப்பத்தைந்து வருஷம் என்ற கணக்கில் ஆயுள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐம்பது வருஷம் தாண்டிய வேகன் தனி அனுமதி இல்லாமல் ஓடக் கூடாது. "நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் நிறுத்த வேண்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. துரு வெளியே தெரிவதற்குள் உள்ளே பாதியைத் தின்றுவிடும். ஒரு தேதியைப் போட்டுவைக்காவிட்டால், தட்டுப்பாடு வரும்போதெல்லாம் "இன்னும் ஒரு வருஷம் ஓடட்டுமே" என்ற ஆசை வரும். தண்டவாளத்துக்கு இருபதடி தள்ளிக் குடியிருப்பவனைக் கேட்டுக்கொண்டா அந்த ஆசை வரப்போகிறது?

மனிதர்கள் விஷயத்தில் அந்த ஆசை வந்ததைப் பார்த்தோம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020ல் 59 ஆயிற்று, 2021ல் 60 ஆயிற்று. கிழவர்கள் மேல் வந்த திடீர்ப் பாசம் அல்ல அது. ஓய்வுக்காலப் பணத்தை ஒரே சமயத்தில் கொடுக்காமல் தள்ளிவைக்கத்தான் என்று டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டோம். எங்களுக்குப் புதுச்சேரியில் ஏற்கெனவே மத்திய அரசுபோல அறுபதுதான். இங்கே பக்கத்துத் தெருவில் தாலுகா ஆபீஸில் இருந்து 58ல் வந்தவர்களுக்கு என் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. அந்த இரண்டு வருஷத்தில் நான் என்ன சாதித்தேன் என்பதை அவர்களிடம் சொன்னதில்லை.

ரிட்டயர் ஆன பின் மறுவேலைக்குப் போகிறவர்கள் ரயிலிலும் உண்டு. பெரம்பூரில் செய்த பழைய நீலப் பெட்டிகள், நாம் மூன்று அடுக்கில் படுத்துப் போனோமே அதே பெட்டிகள், பயணிகளுக்கு உதவாத வயசு வந்ததும் அவற்றில் சிலவற்றின் ஜன்னல்களைத் தகடு வைத்து மூடி, இருக்கைகளைப் பெயர்த்தெடுத்து, கடைசிப் பக்கம் அகலக் கதவு வைத்து, புதுக் கார்களை ஏற்றி அனுப்புகிறார்கள். இதற்கு என்.எம்.ஜி. என்று பெயர். அடுத்த முறை ஜன்னலில்லாத பெட்டிகள் வரிசையாகப் போனால் கவனியுங்கள். கார் வாங்க முடியாமல் அந்தப் பெட்டியில் போய் வந்தவர்கள் நாம். இப்போது அதற்குள் கார் பயணம் செய்கிறது.

இதுவரை சொன்னது இயல்பான மூப்பு. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்குள்ள வழக்கு வேறு ஒரு சாவைப் பற்றியது. வயசாகாமலேயே போய்ச் சேர்ந்த நாலு சக்கர வேகனைப் பற்றியது.

நாலு சக்கர வேகன் என்றால் இளைய தலைமுறைக்குத் தெரியாது. இரண்டே அச்சு. செங்கல் நிறம். ஒரு பெரிய தகரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். அகலப்பாதையில் ஓடியவை இருபது டன்னுக்குச் சற்று மேலே பிடிக்கும். நம் மீட்டர் கேஜில் அதைவிடக் குறைவு. இரண்டு வேகன்களை இணைக்கத் திருகுச் சங்கிலி, இரண்டு பக்கமும் முட்டுத் தாங்கி, வேக்கம் பிரேக்.

புதுச்சேரி ஸ்டேஷனில் நான் முதலில் பார்த்தது இவற்றைத்தான். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879ல். அதுவும் மீட்டர் கேஜ்தான். எனக்குப் பத்து வயசிருக்கும்போது மில்களுக்கு வருகிற பஞ்சு பேல்கள் இந்த வேகன்களிலிருந்து இறங்கும். பஞ்சு பறந்து வேப்பமரத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் முசியே ஒருநாள் எங்கள் நோட்டில் சிவப்பு மையால் அடித்தார்: "மனுஷர் போவது வுவத்தூர். சரக்குப் போவதுதான் வகோன். இரண்டையும் குழப்பாதே." தமிழிலும் நாம் அப்படித்தான் பிரித்துவைத்திருக்கிறோம். நாம் போவது பெட்டி, மூட்டை போவது வேகன்.

பிற்பாடு தெரிந்தது, பிரெஞ்சுக்காரர்களே இரண்டையும் குழப்பியவர்கள்தான். முதல் உலகப் போரில் அவர்களுடைய மூடிய சரக்கு வேகன்களின் மேல் 'ஆள் 40, குதிரை 8' என்று எழுதியிருக்கும். அதில் அடைத்துத்தான் சிப்பாய்களைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அதே பழைய வேகன்களில் 49ஐ எடுத்து, மக்கள் கொடுத்த அன்பளிப்புகளை நிரப்பி, இரண்டாம் போரில் செய்த உதவிக்கு நன்றியாக 1949ல் அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். மாகாணத்துக்கு ஒன்று. அவற்றில் பல இன்னும் அங்கே பூங்காக்களிலும் காட்சிச்சாலைகளிலும் நிற்கின்றன. புது சாமான் ஒன்றும் இல்லை. கண்டமாக வேண்டிய வயசில் இருந்த மர வேகன்கள்.

நம் தென்காசிக்கு வருகிறேன். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற மீட்டர் கேஜ் பாதை முழுசாகத் திறந்தது 1904ல். விருதுநகரிலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை வந்தது 1927ல். மலை ஏறுகிற இடத்தில் பின்னாலும் ஓர் எஞ்சின் வைத்துத் தள்ளுவார்கள். பதிமூணு கண் பாலத்தின் மேல் கூட்ஸ் வண்டி ஊர்ந்து போகிற காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

என் மாமனார் இந்தப் பக்கத்தில் மண்டி வைத்திருந்தவர். புளி, வற்றல், சில வருஷம் கருப்பட்டி. கல்யாணமான புதிதில், எழுபதுகளின் நடுவில், நான் கொல்லம் மெயிலில் வந்து இறங்குவேன். அவர் ஸ்டேஷனுக்கு வந்திருப்பார், ஆனால் என்னைப் பார்க்க அல்ல. கூட்ஸ் கிளார்க்கைப் பார்க்க. "மாப்பிள்ளை, நீங்க வீட்டுக்குப் போங்க, எனக்கு ஒரு வேகன் சோலி இருக்கு" என்பார். அவர் சொல்லித்தான் இந்தத் தொழில் எனக்குப் புரிந்தது. ஒரு வேகன் வேண்டுமென்று எழுதிக்கொடுத்து முன்பணம் கட்டி வரிசையில் பதிய வேண்டும். முறை வந்ததும் காலி வேகனைக் கூட்ஸ் ஷெட் பக்கத்தில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். குறித்த நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும், தாமதித்தால் டெமரேஜ். அந்தப் பக்கம் சரக்கை இறக்கிவைத்துவிட்டு எடுக்காமல் இருந்தால் வார்ஃபேஜ். கதவைச் சாத்தி ஈயமுத்திரை போட்டதும் ஆர்.ஆர். என்ற ரசீது கைக்கு வரும். அந்தக் காகிதம்தான் சரக்கு. அதைத் தபாலில் அனுப்பலாம், பாங்கில் கொடுத்துப் பணம் வாங்கலாம், வழியிலேயே வேறொருவருக்கு எழுதிக்கொடுக்கலாம். நாலாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். அந்த ஆர்.ஆர். மூலம் தென்காசியில் உட்கார்ந்துகொண்டு முகம் பார்த்திராத வெளியூர் ஆட்களோடு வியாபாரம் செய்தார்.

இருபது டன் என்பது ஒரு சின்ன ஊர் வியாபாரியின் கைக்கு அடங்குகிற அளவு. தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வேகனை நிரப்புவார்கள். இதுதான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. அந்த நாலு சக்கரப் பெட்டி, சிறு வியாபாரியின் உயரத்துக்குச் செய்த ஏணி.

எண்பதுகளில் ரயில்வே தன் போக்கை மாற்றிக்கொண்டது. ஒற்றை வேகன் சரக்கைக் குறைத்து, புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை உடையாத முழு வண்டியாக, அதாவது ரேக்காக, ஓட்டத் தொடங்கினார்கள். ரயில்வேயின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒற்றை வேகன் என்றால் ஒவ்வொரு ஜங்ஷனிலும் பிரித்து, தள்ளி, வேறு வண்டியில் கோத்து அனுப்ப வேண்டும். ஓடிய நேரத்தைவிட யார்டில் நின்ற நேரம் அதிகம். பொருள் திருட்டும் அங்கேதான். வேக்கம் பிரேக்கும் திருகுச் சங்கிலியும் வைத்துக்கொண்டு நீள வண்டி ஓட்ட முடியாது. நாட்டுக்கு நிலக்கரி வேண்டும், மின்சாரம் வேண்டும். எட்டுச் சக்கர பாக்ஸ்.என். வேகன், தான் இருபத்திரண்டரை டன் எடையில் இருந்துகொண்டு ஐம்பத்தெட்டு டன் சுமந்தது. அதற்குப் பின்னால் வந்த இலகு ரகம் எழுபது டன் சுமக்கிறது. இந்தக் கணக்கோடு நாலு சக்கர வேகன் போட்டிபோட முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அது கண்டமானபோது கூடவே கண்டமானது யார் என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. பி.சி.என். ரேக் ஒன்றுக்கு நாற்பத்திரண்டு வேகன். மூட்டை ஏற்றினால் இரண்டாயிரம் டன்னைத் தாண்டும். தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று அத்தனை ஊர் மண்டிக்காரர்களும் ஒன்றுகூடினாலும் ஒரே நாளில் ஒரே ஊருக்கு இரண்டாயிரம் டன் புளி அனுப்ப முடியுமா? புளியங்குடி எலுமிச்சைக்கு ஊர் ஊராகப் பெயர். அதை நாற்பத்திரண்டு வேகனில் ஏற்றுவது யார்? மினி ரேக் என்று இருபது வேகனுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அதுவும் நமக்கு எட்டாத மினி. சிமெண்ட் ஆலைக்கும் உரக் கம்பெனிக்கும் அரசாங்கத்தின் அரிசிக்கும் ரேக் சரி. என் மாமனார் போன்றவருக்கு?

அவர் லாரிக்கு மாறினார். எல்லோரும் மாறினார்கள். கூட்ஸ் ஷெட்டில் முதலில் கிளார்க் போனார், பிறகு தராசு போயிற்று, பிறகு கூரை.

அதன் விலையை இன்று நாம் சாலையில் கொடுக்கிறோம். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரிகளின் வரிசையை இரவு பத்து மணிக்கு மேல் நின்று பாருங்கள். கல்லும் மண்ணும்தான் பாதி. அந்த வரிசைக்குப் பயந்து மாலை ஆறு மணிக்கு மேல் சைக்கிள் எடுப்பதை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே, ஒரே மலையை ஏறுகிற ரயில் பாதை இருக்கிறது.

மீட்டர் கேஜ் வேகன்களின் முடிவும் வயசால் வந்ததல்ல. தண்டவாளம் அகலமானதால் வந்தது. 1992ல் தொடங்கிய ஒரே அகலத் திட்டம் ஒவ்வொரு பாதையாக விழுங்கிக்கொண்டு வந்தது. செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் 2010 செப்டம்பரில் நின்றது. நான் ரிட்டயர் ஆனதும் அந்த வருஷம்தான். அகலப்பாதையில் மறுபடி கொல்லம் வரைக்கும் ரயில் போக 2018 ஆயிற்று. ஆயிரம் மில்லிமீட்டருக்குச் செய்த வேகனை 1,676 மில்லிமீட்டரில் ஓட்ட முடியாது. இன்னும் பதினைந்து வருஷம் ஓடக்கூடியதும் சரி, நாளைக்கே உதிரக்கூடியதும் சரி, ஒரே குவியலில் அறுபட்டன. ரயில்வேயில் எதுவும் வீணாவதில்லை என்பார்கள்; பழைய தண்டவாளம் வேலிக்கம்பமாகவும், மரக்கட்டை பெஞ்சாகவும் ஆவதை நாம் பார்க்கிறோம். வேகன் உடம்பைச் சில இடங்களில் சக்கரம் கழற்றித் தரையில் இறக்கிச் சாமான் அறையாக வைத்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் உலைக்கு.

செய்தவர்களே நிலைக்கவில்லை என்பது இன்னொரு விஷயம். சிறு வயதில் வேகனின் அடிச்சட்டத்தில் இரும்புத் தகட்டில் வார்த்திருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பர்ன், ஜெஸ்ஸாப், பிரெய்த்வெய்ட், எல்லாம் கல்கத்தாக் கம்பெனிகள். பர்ன் ஸ்டாண்டர்டை மூடுவதென்று மத்திய அமைச்சரவை 2018ல் முடிவெடுத்தது. அவர்கள் செய்த வேகனில் சில அப்போதும் எங்கேயாவது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இப்போது என் கோரிக்கை. பல ஸ்டேஷன் வாசல்களில் ஒரு பழைய நீராவி எஞ்சினைப் பெயிண்ட் அடித்து மேடையில் ஏற்றி விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் எஞ்சின் அதிகாரி மாதிரி. முன்னால் போகும், சத்தம் போடும், மாலை போட்டுக்கொள்ளும். சுமையை இழுத்துவந்தது எஞ்சின் என்றால் சுமையைச் சுமந்தது வேகன். எந்த ஸ்டேஷன் வாசலிலும் குமாஸ்தாவுக்குச் சிலை இல்லை.

வேகனுக்கு வரலாறு இல்லை என்று நினைக்க வேண்டாம். 1921 நவம்பரில் மலபார் கலவரக் கைதிகளைத் திரூரில் ஒரு மூடிய சரக்கு வண்டியில் அடைத்துக் கதவைச் சாத்தி அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்துகிடந்தார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து எழுபது பேர் என்பார்கள். திரூரில் அதற்கு நினைவு மண்டபம் இருக்கிறது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் நடந்த விஷயம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? காற்றில்லாத ஒரு பெட்டி என்று புத்தகத்தில் படிப்பது வேறு. அதைப்போன்ற ஒரு பெட்டிக்குள் ஏறி, கதவைப் பாதி சாத்தி, ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பது வேறு.

ஆகவே தென்காசியிலோ செங்கோட்டையிலோ ஸ்டேஷன் வளாகத்தில் ஒரே ஒரு வேகன் வைக்க வேண்டும். மீட்டர் கேஜ் நாலு சக்கர மூடு வண்டி எந்த யார்டின் மூலையிலாவது கிடைத்தால் அதுதான் முதல் விருப்பம். இல்லையென்றால் கண்டமாகிப் பொன்மலையில் நிற்கிற பி.சி.என். ஒன்றுகூடப் போதும். கதவைத் திறந்துவைக்க வேண்டும், பிள்ளைகள் ஏறிப் பார்க்க இரண்டு படி வைக்க வேண்டும். உள்ளே ஒரு பழைய தராசும், எடைக்கல்லும், சட்டம் போட்ட ஒரு ஆர்.ஆர். ரசீதும். இந்த ஊர்களிலிருந்து என்னென்ன சரக்கு எங்கெங்கே போயிற்று என்று பலகையில் எழுத வேண்டும். கூட்ஸ் கிளார்க்காகவும், டி.எக்ஸ்.ஆராகவும், மூட்டை தூக்கியவராகவும் இருந்தவர்களில் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினால் பலகை தானாக நிரம்பும். அவர்களுக்கும் வயசு எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மனு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும். பயணிகள் வண்டியின் கடைசியில் சிறு வியாபாரிக்கென்று பார்சல் வேன் ஒன்றை வாரத்தில் சில நாளாவது தென்காசியிலிருந்து நிரந்தரமாகக் கோக்க வேண்டும். ஐந்து டன்னோ பத்து டன்னோ, யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று இருக்க வேண்டும். எலுமிச்சைக்காரரும் பூக்காரரும் அதை நிரப்புவார்களா என்று ஆபீஸில் உட்கார்ந்து சந்தேகப்பட வேண்டாம். ஒரு வருஷம் விட்டுப் பார்த்துக் கணக்கெடுக்கலாம்.

மனுவை மதுரைக் கோட்ட அலுவலகத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம், இணைப்பு ஒன்று. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் காலையில் ஆறரைக்கு மேல் எட்டுக்குள் வரலாம். பேனா கொண்டுவாருங்கள். வேகன் வைக்கும் இடத்துக்கு மேலே கூரை வேண்டும் என்பதை மூன்றாவது பத்தியில் சேர்த்திருக்கிறேன். ஆனி, ஆடிச் சாரலில் திறந்தவெளியில் நிற்கிற இரும்பு, எத்தனை பூச்சுப் பெயிண்ட் அடித்தாலும், நாலு வருஷம் தாங்காது.